லைக் விழாத கட்டுரை

எங்கட விளம்பர ஒபிஸ் அஜின்கோர்ட்டிலை ஒரு பிளாசாவின்ரை மேல்மாடியிலை இருக்கு. கீழை ஒரு நகைக்கடை, பக்கத்திலை ஒரு சாப்பாட்டுக் கடை. காலமையே றோல்ஸ் பொரிக்கிற மணம் படியேறி வந்திடும். நான் அங்கை தமிழிலை விளம்பரம் எழுதிறவள். "உங்கள் கனவு இல்லத்துக்கு இன்றே நாடுங்கள்" எண்டு எங்கையாவது நீங்கள் வாசிச்சிருந்தால் அது அனேகமா நான் எழுதினதாத்தான் இருக்கும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

வீடு விக்கிற முகவர், மோர்ட்கேஜ்காரர், பல் வைத்தியர், கலியாண மண்டபம், எல்லாருக்கும் ஒரே அச்சுத்தான். சிரிச்ச முகம், டை, பெரிய எழுத்திலை போன் நம்பர். தைப்பொங்கல் எண்டால் மூலையிலை ஒரு பானை. தீபாவளி எண்டால் பானையை எடுத்துப்போட்டு அதே மூலையிலை ஒரு விளக்கு. பேப்பர், ரேடியோ, கலண்டர் எண்டு இதைத்தான் மாறி மாறிச் செய்தம். விளம்பரம் வேலை செய்யுதோ எண்டு அறிய எங்கட முதலாளி அண்ணைக்கு ஒரு வழிதான் தெரியும். சனி ஞாயிறிலை ஏதாவது கலியாணவீட்டிலை ஆராவது அவரின்ரை தோளிலை தட்டி, "அண்ணை, விளம்பரம் பாத்தன், கலக்கிப்போட்டியள்" எண்டு சொல்லவேணும். சொன்னால் வெற்றி. திங்கட்கிழமை எல்லாருக்கும் கேக் வரும்.

இனி என்னைப் பற்றிச் சொல்லவேணும். சொல்லாட்டி மிச்சம் விளங்காது. எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் கரைச்சலே. அஜக்ஸிலை வீடு. ரெண்டு பிள்ளையள், ரெண்டும் நல்லாப் படிக்குதுகள். இவர் டவுன்டவுனிலை ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியிலை வேலை. காலமை அவரை ரெயின் ஸ்டேஷனிலை இறக்கிப்போட்டு நான் நானூற்றொண்டு ஹைவேயிலை ஏறுவன். பின்னேரம் திரும்பி வரேக்கை ஏத்திக்கொண்டு வருவன். குடிக்கிறாரோ, அடிக்கிறாரோ, ஒண்டுமில்லை. பாவம், பாத்திரமும் கழுவுவார். ஆனா எப்பவோ ஒரு காலத்திலையிருந்து எனக்கு எல்லாம் மரத்துப்போச்சு. பல்லுக்கு ஊசி போட்டாப் பிறகு சொண்டைத் தொட்டுப் பாத்தால் சொண்டு இருக்கும், ஆனா அது உங்கடை மாதிரி இராது. அப்பிடி. மூத்தவளுக்கு அவள் விரும்பின படிப்புக் கிடைச்ச அண்டைக்கு வீட்டிலை எல்லாரும் துள்ளிக் குதிச்சினம். நானும் கை தட்டினன். தட்டிக்கொண்டு, ஃபிரீசரிலை இருக்கிற மீனை வெளியிலை எடுத்து வைச்சனானோ எண்டு யோசிச்சன். சந்தோசம் வரேல்லை. வரேல்லையே எண்ட கவலையும் வரேல்லை.

ஆருக்குச் சொல்லிறது? வாயைத் திறந்தால் "உனக்கென்ன குறை?" எண்டு கேப்பினம். கேட்டால் என்னட்டை மறுமொழி இல்லை. ஊரிலை சனம் பட்ட பாட்டுக்கு முன்னாலை என்ரை கதை ஒரு கதையோ? ஆனா ஒரு மனுசருக்காவது சொல்லாமல் விட்டால் இப்பிடியே இருந்து இப்பிடியே முடிஞ்சு போவன் எண்டு மட்டும் தெரிஞ்சது. தெரிஞ்சும் சொல்லேல்லை. பயப்பிடவேண்டிய விசயம். பயமும் வரேல்லை.

இந்த நிலைமையிலைதான் அண்ணை டவுன்டவுனிலை ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போட்டு, கழுத்திலை தொங்கின அட்டையைக் கூடக் கழட்டாமல் ஒபிஸுக்கு ஓடி வந்தார்.

"தங்கச்சி, இனி நாங்கள் சனத்தைத் துரத்திறேல்லை. சனம் எங்களைத் தேடி வரும்."

"எப்பிடி அண்ணை?"

"அவைக்குப் பிரயோசனமான விசயத்தைச் சும்மா குடுக்கவேணும். அவை மனசுக்குள்ளை வைச்சிருக்கிற கேள்விக்கு நாங்கள் மறுமொழி எழுதிப் போடவேணும். விக்கிற கதையே கதைக்கக் கூடாது. இன்பவுண்ட் எண்டு அதுக்குப் பேர்."

"விக்காட்டி எங்களுக்குச் சம்பளம் எங்கையிருந்து வரும்?"

"அதுதான் உதிலை இருக்கிற சூட்சுமம்," எண்டு போட்டு அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போட்டார். சூட்சுமம் என்னெண்டு அவருக்கும் தெரியாது எண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டுது.

சமூக வலைத்தளம் எங்களுக்குப் புதுசில்லை. எல்லாக் கடைக்கும் பக்கம் திறந்து வைச்சிருந்தம். ஆனா எங்கட சனத்தின்ரை லைக்கைப் பற்றி ஒரு மாநாட்டிலையும் ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம். கலியாணவீட்டிலை காசு வைச்சு என்வலப் குடுக்கிறமே, அதுதான் எங்களுக்கு லைக். என்ரை மகளின்ரை சாமத்தியவீட்டுப் படத்துக்கு நீ போட்டனி, அப்ப உன்ரை மச்சானின்ரை டயர் கடைக்கு நான் போடவேணும். போடாட்டி அடுத்த முறை மண்டபத்திலை முகம் திருப்புவினம். நகைக்கடைக்கு ஒரு நெக்லஸ் படம் போட்டால் லைக் கொட்டும். பாத்தால் முழுக்கக் கடைக்காரரின்ரை சொந்தபந்தம், அண்ணையின்ரை சொந்தபந்தம். அதிலை ஒருத்தரும் நெக்லஸ் வாங்கிறேல்லை. அவை லைக் போட்டது நெக்லஸுக்கில்லை, உறவுக்கு. ஆனா மாத முடிவிலை நாங்கள் அந்த எண்ணிக்கையை வடிவா ஒரு படமாக் கீறிக் குடுப்பம், கடைக்காரரும் தலையாட்டுவார்.

லைக் காணாட்டி அண்ணையிட்டை ஒரு வைத்தியம் இருந்தது. கொழுவிறது. அதாவது தன்ரை சொந்தப் பக்கத்திலை விளம்பரத்தைப் போட்டு, கீழை தனக்குத் தெரிஞ்ச எல்லாற்ரை பேரையும் வரிசையாக் கொழுவி விடுவார். பேர் கொழுவினால் அந்த ஆளுக்கும் போகும், அந்த ஆளைத் தெரிஞ்ச ஊர் உலகத்துக்கும் போகும். மேலை எப்பவும் ஒரே வசனம்: "உங்களுக்காகவே! அன்போடு பகிருங்கள்!" கொத்து ரொட்டிக்கும் அதுதான், கார் இன்சூரன்ஸுக்கும் அதுதான். மரியாதைக்காகச் சனம் வந்து லைக்கைப் போட்டிட்டுப் போகும்.

அந்த நேரத்திலைதான் கவுன்சிலிங் செய்யிற பிள்ளை வந்தது. முப்பது வயசு வரும். இஞ்சையே பிறந்து வளந்தது. கதைக்கேக்கை பாதி தமிழ், பாதி இங்கிலிஷ். படிச்சு முடிச்சு, பக்கத்து பிளாசாவிலை ஒரு ஃபார்மஸிக்கு மேலை சின்ன அறை ஒண்டு எடுத்து, தமிழ்ச் சனத்துக்கெண்டே கவுன்சிலிங் துவங்கியிருக்கு. சனம் வரேல்லை.

"அக்கா, ஒருத்தரும் வரீனமில்லை. ஐ மீன், நோ ஒன். இந்த சம்மருக்குள்ளை ஆக்கள் வராட்டி நான் அறையைக் குடுத்திட்டு வேறை எங்கையாவது வேலைக்குப் போகவேண்டியதுதான். பட் எங்கட ஆக்களுக்கு நீட் இருக்கு, எனக்கு வடிவாத் தெரியும்."

அண்ணை உடன பேப்பரை எடுத்து, பிள்ளையின்ரை படம், சுத்திவரப் பூ, "மனக்கவலையா? கவலையை விடுங்கள்!" எண்டு கீறத் துவங்கினார். பிள்ளை பாவம், வாயைத் திறந்தபடி இருந்துது. எனக்குக் கோவம் வந்திருக்கவேணும். வரேல்லை. ஆனா வாய் தன்ரை பாட்டிலை கதைச்சுது.

"அண்ணை, உங்கட இன்பவுண்டை இதிலை செய்து பாப்பமே? மனசுக்குள்ளை கேள்வி வைச்சிருக்கிற சனம் இதைவிட வேறை எங்கை இருக்கு?"

அண்ணை என்னை ஏற இறங்கப் பாத்தார். பிறகு கீறின பூவைப் பேனையாலை வெட்டினார்.

பிள்ளை தான் எழுதிக்கொண்டு வந்த தலைப்புகளை எனக்குக் காட்டிச்சுது. மனச்சோர்வு, மன அழுத்தம், பதகளிப்பு. அகராதியைப் பாத்து எழுதின சொல்லுகள்.

"இதை ஒருத்தரும் தேடமாட்டினம்," எண்டன். "எங்கட மனுசியள் போனிலை என்ன தேடுவினம் தெரியுமோ? 'ஏன் எப்பவும் களைப்பா இருக்கு', 'ஏன் நித்திரை கொண்டும் நித்திரை கொள்ளாத மாதிரிக் கிடக்கு.' இரும்புச்சத்துக் குறைவோ, தைரொயிட்டோ எண்டு தேடுவினம். இரத்தம் சோதிச்சுப் பாப்பினம். எல்லாம் சரியெண்டு வரும். பிறகு சும்மா இருப்பினம்."

"உங்களுக்கு எப்பிடி அக்கா தெரியும்?"

"நான் சனத்துக்கு எழுதிறவள் எல்லே," எண்டு சமாளிச்சன். என்ரை இரத்தச் சோதனை முடிவு அப்ப என்ரை ஹான்ட்பாக்குக்குள்ளை மடிச்சபடி கிடந்தது. எல்லாம் சரி எண்டுதான் அதிலையும்.

அண்டைக்கு மத்தியானமே இருந்து எழுதினன். தலைப்பு, "எல்லாம் இருக்கு, ஆனா ஒண்டிலையும் மனம் போகேல்லை." ஒரு விளம்பரத்துக்கு மூண்டு வரி எழுத நான் அரை நாள் இழுக்கிறவள். இது நிக்காமல் வந்தது. நல்ல செய்தி வந்தாலும் முகம் மட்டும் சிரிக்கும் எண்டு எழுதினன். சமைக்கிறியள், சாப்பாடு பிழையில்லை, ஆனா ஆருக்கோ சமைச்ச மாதிரிக் கிடக்கும் எண்டு எழுதினன். ஆராவது சுகமோ எண்டு கேட்டால் "ஓம், சுகம்" எண்டு சொல்லிப்போட்டு, சொன்னது ஆரெண்டு யோசிப்பியள் எண்டு எழுதினன். காரணம் இருந்தால்தான் கவலைப்படலாம் எண்டு ஒரு சட்டமும் இல்லை எண்டு எழுதினன். இது சோம்பலும் இல்லை, நன்றி கெட்ட குணமும் இல்லை எண்ட வசனத்தைப் பிள்ளை பிறகு சேத்துது. வைத்தியம் இருக்கு எண்டதையும், முதல்ல குடும்ப டொக்டரிட்டைக் கதைக்கலாம் எண்டதையும் பிள்ளைதான் எழுதிச்சுது. அடியிலை பிள்ளையின்ரை போன் நம்பர் மட்டும். "நாடுங்கள்" எண்டு ஒரு இடத்திலையும் நான் எழுதேல்லை.

எழுதி முடிச்சாப் பிறகு அழுகை வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வரேல்லை. கீழை போய் ஒரு றோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டன்.

கட்டுரை போட்டம். லைக் விழேல்லை. அதுக்குப் பிறகு வேறை கேள்விகளுக்கும் மறுமொழி எழுதிப் போட்டம். அதுகளுக்கும் விழேல்லை. எல்லாத்துக்குமாச் சேத்து ஒரே ஒரு லைக், அது பிள்ளையின்ரை தாய் போட்டது. அண்ணைக்கு முகம் கறுத்துப்போச்சு.

"தங்கச்சி, உது செத்துப்போச்சு."

"சாகேல்லை அண்ணை, இஞ்ச பாருங்கோ." எத்தினை பேர் திறந்தவை, எவ்வளவு நேரம் நிண்டவை எண்டு காட்டிற கணக்கு எங்கட கொம்பியூட்டரிலை இருக்கு. நெக்லஸ் படத்திலை சனம் ஒரு கண்வெட்டு நேரந்தான் நிக்கும். இந்தக் கட்டுரையிலை ஆறுதலா நிண்டு, கடைசி வரி வரைக்கும் வாசிச்சிருக்கு. சில பேர் திரும்ப வந்து வாசிச்சிருக்கினம். "சனம் வாசிக்குது. லைக் போட்டால் ஊருக்குத் தெரிஞ்சிடும் எண்டு போடாமல் போகுது. உங்கட மனுசி உதுக்கு லைக் போட்டால் நீங்கள் என்ன நினைப்பியள்?"

"என்ரை மனுசி ஏன் போடுறா?" எண்டு அண்ணை பாய்ஞ்சார்.

"பாத்தியளோ?" எண்டன்.

அவருக்கு விளங்கேல்லை. பாவம், வருசக்கணக்காத் தோள் தட்டுக்குப் பழகின மனுசன். சத்தம் போடாமல் வாசிச்சிட்டுப் போற சனத்தை அவருக்கு எண்ணத் தெரியேல்லை. பிள்ளையும் ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்து, "எனிதிங், அக்கா?" எண்டு கேக்கும். வாசிக்கினம் எண்டு சொல்லுவன். "பட் ஒருத்தரும் கோல் பண்ணேல்லையே," எண்டு போட்டு வைக்கும். அந்தக் குரலுக்கு எனக்கு ஏதாவது செய்யவேணும் மாதிரி இருந்துது. எனக்கு அந்த நாளையிலை வந்த உணர்ச்சி எண்டால் அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை தன்ரை வைத்தியத்தைச் செய்து போட்டார்.

மத்தியானம் ஒரு கலியாண மண்டபத்திலை இருந்துகொண்டு, சோறு வாற வரைக்கும் சும்மா இருக்க ஏலாமல், "எல்லாம் இருக்கு, ஆனா ஒண்டிலையும் மனம் போகேல்லை" எண்ட கட்டுரையை எடுத்துத் தன்ரை பக்கத்திலை போட்டு, மேலை "உங்களுக்காகவே! அன்போடு பகிருங்கள்!" எண்டு எழுதி, கீழை தன்ரை தங்கச்சி, மச்சாள்மார், கோயில் தலைவர், மோர்ட்கேஜ்காரர், பல் வைத்தியரின்ரை மனுசி, போதாததுக்குத் தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற மாப்பிள்ளையின்ரை தாய் தகப்பன், கடைசியா என்னையும் கொழுவி விட்டார்.

அட கடவுளே.

சோறு வாறதுக்கு முன்னம் போன் வரத் துவங்கிச்சாம். முதல்ல தங்கச்சியார். "அண்ணை, உனக்கு விசரோ? மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேக்கினம், உங்கட குடும்பத்திலை ஆருக்கும் ஏதும் இருக்கோ எண்டு." பிறகு பல் வைத்தியரின்ரை மனுசி: "என்ரை மனுசன் குடிக்கிறார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" கட்டுரையிலை குடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோயில் தலைவர் போன் எடுக்கேல்லை, ஆளை நேரை அனுப்பினவர். மண்டபத்திலை அண்ணையின்ரை மேசையிலை இருந்த ரெண்டு பேர் எழும்பி வேறை மேசைக்குப் போட்டினமாம். அண்ணை வெளியிலை ஓடிப்போய் எனக்குப் போன் அடிச்சார்.

"தங்கச்சி, நாசமாப் போச்சு. உதை எப்பிடிக் கழட்டிறது?"

நான் வீட்டிலை வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு நிண்டனான். போனை ஸ்பீக்கரிலை போட்டு, எங்கை அமத்திறது எண்டு சொல்லிக் குடுத்தன். ஒவ்வொரு பேராக் கழட்டினார். ஒவ்வொண்டுக்கும் பெருமூச்சு விட்டார். எல்லாம் முடிஞ்சு, "உன்ரை பேர் மட்டும் கிடக்கு. எடுக்கட்டோ?" எண்டார்.

"கிடக்கட்டும் அண்ணை."

"ஓமோம். நீ ஒபிஸ் ஆள்தானே, உன்னை ஒருத்தரும் பிழையா நினைக்கமாட்டினம்."

உண்மைதான். அண்டைக்குப் பின்னேரம் இவரின்ரை தங்கச்சியும் எடுத்து, "அண்ணியின்ரை பேர் கிடக்குது, என்ன விசயம்?" எண்டு கேட்டவ. இவர் ரீவியிலையிருந்து கண்ணை எடுக்காமல், "அது அவவின்ரை ஒபிஸ் வேலை," எண்டு போட்டு வைச்சிட்டார். கட்டுரையைத் திறந்தும் பாக்கேல்லை. அத்தினை பேர் தங்கட பேரைப் பாத்துத் துள்ளி விழுந்தினம், ஊர் முழுக்க அவையைப் பாத்துச் சந்தேகப்பட்டுது. உண்மையிலையே அதுக்குள்ளை இருந்த ஒருத்தியை மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டிய இடம். வெண்டிக்காயைக் கழுவினன்.

திங்கட்கிழமை அண்ணை கட்டுரையையே முழுசா அழிக்கச் சொல்லி, பிள்ளையிட்டை மன்னிப்புக் கேட்டு வேலையைத் திருப்பிக் குடுக்கப்போறன் எண்டு நிண்டார். நான் மறுமொழி சொல்ல முன்னம் பிள்ளை படியேறி ஓடி வந்துது.

"டோன்ட் டிலீட்! பிளீஸ், அழிக்காதேங்கோ!"

"பிள்ளை, உம்மட பேருக்கும் கெடுதல் எல்லே," எண்டார் அண்ணை.

"அங்கிள், நேற்றிலையிருந்து போன் வைக்க ஏலேல்லை. எல்லாரும் என்னை ஏசுறதுக்குத்தான் எடுக்கினம். நீ ஆர், எங்கட பேர் உனக்கு எப்பிடி வந்தது, வெக்கமில்லையோ எண்டு. நான் சொறி சொல்லிக்கொண்டே இருக்கிறன். பட்…" பிள்ளை மூச்சு வாங்கிச்சுது. "ஏசி முடிச்சாப் பிறகு அவை போனை வைக்கீனமில்லை."

"வைக்காமல்?"

"சும்மா நிக்கினம். பிறகு குரலைக் குறைச்சு, 'அது சரி, உங்களிட்டை வாறதெண்டால் பேர் குடுக்கவேணுமோ' எண்டு கேக்கினம். 'பின்னேரத்திலை ஏலுமோ, ஃபார்மஸிக்குள்ளாலை வரலாமோ' எண்டு கேக்கினம். எல்லாரும் இல்லை. பட் கொஞ்சப் பேர். பேர் கொழுவாத ஆக்களும் எடுக்கினம், சும்மா ஏதோ ஞாயம் கேக்கிற மாதிரி."

அண்ணை கதிரையிலை இருந்திட்டார். எனக்கு விளங்கிச்சுது. எங்கட சனத்துக்கு "எனக்கு உதவி வேணும்" எண்டு போன் எடுக்க வராது. சண்டை பிடிக்க எண்டால் எடுக்க வரும். அண்ணை தெரியாத்தனமா அத்தினை பேருக்கும் சண்டை பிடிக்கிறதுக்கு ஒரு சாட்டுக் குடுத்துப்போட்டார். இதை ஒரு மாநாட்டிலையும் படிப்பிக்கமாட்டினம்.

"ஒரு அன்ரி கேட்டவ," எண்டு பிள்ளை என்னைப் பாத்துச் சொல்லிச்சுது. "'உதை எழுதினது ஆர், என்ரை வீட்டுக்குள்ளை நிண்டு பாத்த மாதிரிக் கிடக்கு' எண்டு." பிள்ளை கண்ணை எடுக்காமல் பாத்துது. "அக்கா, நீங்கள் ஓகேயோ?"

"ஓம் ஓம், எனக்கென்ன," எண்டன். அவ்வளவு கெதியா வந்துது அந்த மறுமொழி. சொல்லியிருக்கலாம். அண்ணை பக்கத்திலை இருந்தது ஒரு சாட்டு. அவர் இல்லாட்டியும் சொல்லியிருக்கமாட்டன்.

அந்தக் கிழமையே அண்ணை மாறிட்டார். மனுசனுக்குப் பிடிச்சிட்டால் பிடிச்சதுதான். இந்த மாதிரி விசயங்களுக்கு லைக் போடுற இடத்தை மூடு எண்டார். பேர் கொழுவிறதை அடியோட விட்டார். கட்டுரையை ஒருத்தற்ரை பேரும் இல்லாமல் குடும்பக் குறூப்புகளிலை தன்ரை பாட்டிலை ஓட விடு எண்டார். கீழை போனை எடுக்கிற ஆள் ஆரெண்டும், பேர் கேக்கமாட்டினம் எண்டும் ஒரு வரி போடு எண்டார். கடைகளுக்குக் குடுக்கிற படத்திலையும் லைக்கைத் தூக்கிப்போட்டு, எத்தினை போன் வந்தது, எத்தினை பேர் கடைசி வரி வரைக்கும் வாசிச்சவை எண்டு போடச் சொன்னார். ஒரு பெட்டி கேக்கோட மாப்பிள்ளை வீட்டை போய், உது வியாபாரம், எங்கட குடும்பத்திலை ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை எண்டு விளங்கப்படுத்திப் போட்டு வந்தார். வெளிக்கிடேக்கை மாப்பிள்ளையின்ரை தகப்பன் வாசல் வரைக்கும் வந்து, தன்ரை கடைக்கும் இப்பிடி ஏதும் எழுதேலுமோ எண்டு கேட்டாராம். அண்ணை அதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வழமை போல அஜக்ஸ் ஸ்டேஷனிலை இவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன். ரெயின் வந்து, சனம் இறங்கிக் கார்களுக்கு ஓடிச்சுது. இவர் ஏறி பெல்ட்டைப் போட்டார். போன் கையிலை.

"இஞ்ச பாரும், எங்கட பழைய பள்ளிக்கூடக் குறூப்பிலை ஒருத்தன் உதைப் போட்டிருக்கிறான். பிறகுதான் யோசிச்சன், தங்கச்சி அண்டைக்குச் சொன்னது உதைத்தானோ எண்டு. நீரோ எழுதினது?"

"ஓம்."

"ரெயினிலை ரெண்டு தரம் வாசிச்சன். நல்லா எழுதியிருக்கிறீர். ஆரோ பட்ட ஆள் இருந்து சொன்ன மாதிரிக் கிடக்கு. ஆரிட்டைக் கேட்டு எழுதினீர்? அந்தப் பிள்ளையிட்டையோ?"

நான் காரை எடுக்கவேணும். பின்னாலை ஆரோ ஹோர்ன் அடிச்சினம்.

"ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை," எண்டன்.

"பின்னை எப்பிடி…" எண்டு துவங்கினவர் நிப்பாட்டிட்டார். போனைப் பாத்தார். மேலையிருந்து கீழை திரும்ப ஒருக்கா வாசிச்சார். நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி முன்னாலை பாத்துக்கொண்டிருந்தன்.

"எவ்வளவு காலமா?"

"தெரியேல்லை."

"எனக்கேன் நீர் சொல்லேல்லை?"

அந்த இடத்திலை எனக்குப் பொங்கிக்கொண்டு வந்துது. எங்கை இருந்துதோ தெரியாது. "என்னத்தைச் சொல்லிறது? வீடு இருக்கு, பிள்ளையள் இருக்கு, நீங்கள் இருக்கிறியள், என்ன குறை எண்டு சொல்லிறது? ஒரே கட்டிலிலை படுக்கிறியள், ஒரே காரிலை வாறியள், முன்பின் தெரியாத சனமெல்லாம் வாசிச்சு விளங்கிக்கொண்டுது, உங்களுக்கு ஆரோ ஒருத்தன் குறூப்பிலை போட்டுத்தான் தெரியவேணுமோ? கண் இல்லையோ உங்களுக்கு? ஒருநாளாவது தெரியேல்லையோ?" கார்க் கண்ணாடிக்கு வெளியிலை ஒரு மனுசி நிண்டு எங்களைப் பாத்தா. பாத்தால் பாக்கட்டும்.

இவர் போனைக் கவிட்டு மடியிலை வைச்சார்.

"தெரிஞ்சது," எண்டார். "உமக்கு என்னிலைதான் வெறுத்துப்போச்சு எண்டு நினைச்சன். ஓம் எண்டு சொல்லிப்போடுவீரோ எண்டு பயத்திலை நான் கேக்கேல்லை."

அது எனக்கு நொந்தது. நல்லா நொந்தது.